பத்துக்கு முன்னால் ஒரு பூஜ்யம்

"டீச்சர், என் மேல தப்பு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

சிவசைலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டார்.

பெனடிக்டா டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் மென்பொருள் எழுதுகிறவர்கள் வழி தெரியாமல் முழித்தால் அவளைத்தான் தேடி வருவார்கள். ஆறுதல் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. தெரிந்தும் வருவார்கள், என்ன செய்வது.

"என்ன ஆச்சு, சார்?"

கடற்கரை ஊர்களில் புயல் சங்கு வைத்திருந்தார்கள். வானிலை மையத்திலிருந்து நெட்வொர்க் வழியாகச் செய்தி வந்தால் சங்கு தானாக ஊதும். எண்களால் ஆன மையத்தின் நெட்வொர்க் முகவரியை அதில் போடுவதற்கான திரையை எழுதியவர் சிவசைலம். போன மாதம் அந்த முகவரி மாறியது. ஓர் ஊரில், மீனவர் சொசைட்டி கிளார்க் சூசைராயன் புதியதைப் போட்டார்.

புயல் வந்தது. சங்கு ஊதவில்லை. கடலுக்குப் போன படகு ஒன்று திரும்பவில்லை.

"பத்துன்னு போட வேண்டிய இடத்துல, பத்துக்கு முன்னால ஒரு பூஜ்யம் போட்டிருக்கார். அப்படிப் போட்டா மெஷின் அதைப் பத்து பத்தா எண்ணாம, எட்டு எட்டா எண்ணுற வேற கணக்குல எட்டுன்னு எடுத்துக்கும். அந்த முகவரியில யாருமே இல்லை. சொன்னதைத்தான் மெஷின் செஞ்சுது, டீச்சர்."

"அந்த இடத்துல எத்தனை கட்டம் விட்டிருந்தீங்க?"

"மூணு."

"பத்துக்கு எத்தனை வேணும்?"

"ரெண்டு."

"மிச்சக் கட்டத்தை என்ன செய்யச் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அது எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும்னா?"

சிவசைலம் யோசித்துப் பார்த்தார். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

டீச்சர் வீட்டைப் பூட்டினாள்.

"எங்க போறோம்?"

"எல்லாருக்கும் தெரியுமான்னு கேட்டுட்டு வருவோம்."

படகில் போனது சூசைராயனின் மகன் ரெக்ஸன் என்பதைப் பஸ்ஸில் வைத்துத்தான் சொன்னாள்; பேப்பரில் படித்திருந்தாளாம். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது சிவசைலத்துக்கு. ஓடி எங்கே போவது?

சொசைட்டியில் சூசைராயன் தனியாக இருந்தார்.

"அந்தத் திரையை எழுதினவர் இவர்தான்" என்றாள் டீச்சர்.

அவர் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சிவசைலத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பேங்க் சலான்ல காலிக் கட்டம் விட்டா திருப்பிக் குடுத்துருவாங்க, சார். அந்தப் பழக்கம். ஒரு பூஜ்யம் போட்டு ரொப்பிட்டேன். இந்தக் கையாலதான் போட்டேன்." சூசைராயன் குரல் உயராமல் சொன்னார். "எம் பொஞ்சாதி எங்கூடப் பேசறதில்ல. ஊர்ல எல்லாரும் எப்பவும் போலப் பேசறாங்க. அதுதான் தாங்க முடியல."

"விடுங்க, யாருக்கும் வர்ற தப்புதான்" என்றார் சிவசைலம்.

சொல்லி முடித்ததும் அவருக்கு வாய் கூசியது. மன்னிக்க இவர் யார்?

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும், சார். எழுதினவரு நீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"கேளுங்க."

"எல்லாம் போட்டு முடிச்சுப் பாத்தா, கீழ 'சரி'ன்னு எழுதியிருந்துச்சு. நான் நல்லா வாசிச்சுப் பாத்தேன். மெஷினே சரின்னு சொல்லுதேன்னுதான் அதை அமுக்கிட்டு வீட்டுக்குப் போனேன்."

சிவசைலம் டீச்சரைப் பார்த்தார். அவள் சூசைராயனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போட்டது தப்பு. அதை சரின்னு சொன்னது யாரு, சார்?"