டிக்கி பக்கம் பதினோரு அங்குலம்

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்தாறு. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காதில் செருகிய பென்சில். பெயர் கலாமணி. கரூரில் பேருந்துகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் தகடு வேலைக்கு அவள்தான் தலைமை.

சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. பெயர் சென்னியப்பன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டு, பிள்ளைகள் யாராவது எழுந்து சொல்லிவிட்டால், "கவனிக்கிறீங்களான்னு பார்த்தேன்" என்பார். அப்படியே ஓய்வும் பெற்றுவிட்டார்.

அவர் மனைவி மரகதத்துக்கு மூச்சு இழுப்பு. அவர்கள் வீட்டுச் சுவரிலோ இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஊறிய ஓதம். பக்கத்தில் நின்று அந்த வீட்டைக் கட்டியதும் சென்னியப்பன்தான். ஓதத்துக்குக் காரணம் கொத்தனார் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். போன மார்கழி முழுவதும் மரகதம் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை.

கல்லூரி ஒன்று கழித்துவிட்ட பழைய பேருந்தை வாங்கினார். அதைக் கேரவனாக மாற்றி, காய்ந்த ஊர் எது உண்டோ அங்கெல்லாம் அவளைக் கூட்டிப் போவது என்று முடிவு செய்தார். ஓதமே இல்லாத வீடு, என் கையாலேயே செய்கிறேன் பார் என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

"பாத்துட்டுத்தான் ஏறுவேன்" என்றாள் மரகதம்.

இப்படித்தான் வாத்தியார் வண்டியோடு வந்து கலாமணியிடம் சீடரானார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இடது, வலது என்று யாரும் சொல்லக் கூடாது. முன்னால் என்ஜின் பக்கம், பின்னால் டிக்கி பக்கம், அவ்வளவுதான். வாத்தியாருக்கு அது படிக்காதவர்கள் பேச்சாகப் பட்டது. பட்டாலும் வெளியே சொல்லவில்லை.

புதன்கிழமை காலை, இருவரும் வண்டிக்குள் நின்றிருந்தபோது கலாமணி சொன்னாள்.

"தண்ணிக் குழாய்க்கு வெளித்தகட்டுல ஓட்டை போடோணுங்க சார். ஜன்னல் ஓரத்துல இருந்து டிக்கி பக்கம் பதினோரு அங்குலம்."

அவர் தன் நோட்டில் 'ஜன்னலுக்கு இடது, பதினொன்று' என்று திருத்தமாக எழுதிக்கொண்டார். கலாமணி வேறு வேலைக்குப் போனாள். அவர் வெளியே இறங்கி, ஜன்னலுக்கு இடது பக்கம் டேப்பை நீட்டி மூன்று முறை அளந்தார். பிறகு இரண்டு அங்குல வட்டமாகத் தகட்டை அறுத்து எடுத்தார். வட்டம் அருமையாக வந்தது.

பெருமையோடு உள்ளே ஏறியபோதுதான் தப்பு தெரிந்தது. பாத்திரம் கழுவும் தொட்டி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் போட்ட ஓட்டையோ இந்தப் பக்கம், மரகதத்தின் கட்டில் தலைமாட்டுக்கு நேராக இருந்தது. உள்ளே நின்றால் இடது, வெளியே நின்றால் அதுவே வலது. இதை எட்டாம் வகுப்புக்கு அவரே நடத்தியிருக்கிறார்.

பெயிண்ட் அடிப்பவர்களிடம் போய் பள்ளம் அடைக்கும் பட்டி ஒரு டப்பா வாங்கிக்கொண்டார். அதைப் பூசித் தேய்க்கத் தெரியாததால் வேறு வழியில்லாமல் குருவிடம் வந்தார்.

"அம்மணி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"தகட்டுல ஒரு ஓட்டை தப்பா விழுந்துட்டா, யாருக்கும் தெரியாம அடைக்க முடியுமா?"

"யாருக்குத் தெரியக் கூடாதுங்க?"

"பொதுவாக் கேட்டேன்."

"பட்டி டப்பாவக் கையில வெச்சுக்கிட்டு யாரும் பொதுவாக் கேக்க மாட்டாங்க சார். எங்க போட்டீங்க?"

கூட்டிப் போய்க் காட்டினார். கலாமணி திட்டவில்லை. விரலால் ஓட்டையின் விளிம்பைச் சுற்றித் தடவினாள்.

"வட்டம் சுத்தமா வந்திருக்குதுங்க."

"கிண்டல் பண்ணாதீங்க அம்மணி. நாளைக்கு மரகதம் வர்றா. இதைப் பார்த்தான்னா, வீட்டைக் கட்டுன லட்சணம்தானேன்னு திரும்பிப் போயிருவா. மறுபடியும் அந்த ஓதத்துக்குள்ளயே போய் உட்காந்துருவா. இந்த மார்கழியைத் தாங்க மாட்டா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் ஆசைதான், ஆனால் பயம் உண்மையான பயம்.

கலாமணி காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடியும் செருகினாள்.

"தெரியாம அடைக்கலாம் சார். இந்த வண்டியிலேயே அப்பிடி அடைச்சது ஒண்ணு இருக்குது."

"இந்த வண்டியிலயா?"

"ஆமாங்க. தேடிப் பாருங்க. கண்டுபிடிச்சீங்கன்னா உங்க ஓட்டையப் பத்திப் பேசலாம்."

வாத்தியாருக்குப் பயம் பாதி போய் ஆவல் வந்தது. ஒரு மாதமாகத் தொட்டுத் தடவி வேலை செய்த வண்டி. அவர் கண்ணில் படாமல் ஓர் ஓட்டையா?

முதலில் கண்ணால் தேடினார். பிறகு கன்னத்தைத் தகட்டோடு ஒட்டி, வெயில் வழுக்கும் திசையில் மேடுபள்ளம் பார்த்தார். விரல் நுனியால் தடவினார். கதவைத் தட்டுவதுபோல் விரல் முட்டியால் அங்குலம் அங்குலமாகத் தட்டி, காது வைத்துக் கேட்டார். எங்கும் ஒரே சத்தம்தான். வெல்டிங் செய்துகொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு இந்த வைத்தியரை வேடிக்கை பார்த்தார்கள்.

பழைய ஒலிபெருக்கியின் காந்தம் ஒன்று கிடைத்தது. அடடா, இதுவல்லவா வழி! பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாதே. வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது.

சாப்பாட்டு வேளையில் கலாமணி வந்தாள்.

"கெடச்சுதுங்களா?"

"என்ஜின் பக்கமா, டிக்கி பக்கமா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் வாயில் அந்த வார்த்தைகள் வந்ததைக் கேட்டு அவள் சிரித்தாள்.

"உங்க ஓட்டைக்கு மேலதானுங்க. ஒரு முழத்துக்குள்ள."

அந்த ஒரு முழத்தையும் உற்றுப் பார்த்தார், தடவினார், தட்டினார். ஒன்றும் தெரியவில்லை.

"காந்தம்கூட ஒட்டுதே!"

"பின்னால தகரம் வெச்சிருக்குது. காந்தம் ஏமாந்துரும்."

"அடேயப்பா! யார் செஞ்சது இது? அந்த ஆள் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும். அம்மணி, இதே மாதிரிதான் எனக்கும் வேணும். இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்துருங்க."

கலாமணி தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல உங்க ஓட்டைக்குள்ள வெரல விட்டுப் பாருங்க சார்."

விட்டார். தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே சூடு தடுக்க அடைத்த கண்ணாடிப் பஞ்சு விரலில் பட்டது. விரலை எடுத்துப் பார்த்தார். நனைந்திருந்தது. நுனியில் துருவின் நிறம்.

"ஈரமா இருக்கே!"

"ஆமாங்க."

"மழை பெஞ்சு நாலு நாளாச்சு. நான் ஓட்டை போட்டது இன்னைக்குக் காலைல. இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"

"அதையும் தேடுங்க."

உள்ளே ஏறினார்கள். போன வாரம் அவரே பார்த்துப் பார்த்து ஒட்டிய மைக்காவை அவரே கடப்பாரையால் நெம்பினார். அதோடு சேர்ந்து வந்த பழைய உள்பலகையின் முதுகுப் பக்கம் கறுத்துப் போயிருந்தது. கை வைத்ததும் நனைந்த ரொட்டிபோலப் பிய்ந்து வந்தது. கூடவே ஒரு வாசனை. அது அவருக்கு நன்றாகத் தெரிந்த வாசனை, அவர் வீட்டு வாசனை.

ஈரம் வந்த வழியே கண்ணை மேலே ஓட்டினார். ஒரு முழ உயரத்தில் துருப்பிடித்த ஒரு தகரத் துண்டு. அதைக் கிள்ளி எடுத்தார். பின்னால் விரல் நுழையும் அளவு ஓர் ஓட்டை, பட்டியால் அடைத்தது. பட்டியில் மயிரிழை விரிசல். அதன் வழியே பட்டறை வெளிச்சம் தெரிந்தது.

"பதினாலு வருசம் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலீங்க" என்றாள் கலாமணி.

"யார் போட்டது?"

"நான்தான்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"இந்த வண்டிக்கு இங்கதான் பாடி கட்டுனது. நான் வேலைக்குச் சேந்து ரெண்டாவது வாரம். வெளக்குக்கு ஓட்டை போடச் சொன்னாங்க. எடதுன்னாங்க, போட்டேன். நான் வெளிய நின்னேன், சொன்னவரு உள்ள நின்னாரு. மேஸ்திரி சாப்புட்டு வர்றதுக்குள்ள தகரம் வெச்சு, பட்டி தேச்சு, பெயிண்ட்டும் அடிச்சுட்டேன். நல்ல கைன்னு அன்னைக்குப் பேரு வாங்குனேன்."

"இது அந்த வண்டிதான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வண்டி கேட்டுக்குள்ள வந்தன்னைக்கே தெரியுங்க."

வாத்தியாருக்கு ரத்தம் கொதித்தது.

"நான் இதுமேல மைக்கா ஒட்டுறப்ப நீங்க பக்கத்துல நின்னு பார்த்தீங்களே அம்மணி! என் பொண்டாட்டி தலை வெச்சுப் படுக்கிற இடம் இது!"

"சொல்லோணும் சொல்லோணும்னு தெனமும் நெனச்சேனுங்க. இன்னும் தாங்கும்னு ஒரு நெனப்பு. வாய் வரல. காலைல நீங்க டப்பாவோட வந்து நின்னீங்களே, அப்பத்தான் வந்துச்சு."

அவள் கண் கலங்கியிருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. வாத்தியாருக்கு இன்னும் நாலு வார்த்தை சுடச்சுடக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் பட்டி டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னத்தைக் கேட்பது? டப்பாவைத் தள்ளி வைத்தார்.

"சரி அம்மணி. இப்ப என்ன செய்யணும்?"

நனைந்த பஞ்சை எல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். அழுகிய பலகையை வெட்டி எடுத்தார்கள். சூடான காற்று அடிக்கும் கருவியை வைத்து, சட்டம் தொட்டால் சுடும்வரை காய விட்டார்கள். சாயங்காலம் கலாமணி உள்ளங்கை அகலத்தில் இரண்டு தகட்டுத் துண்டுகள் வெட்டினாள். மூலைகளை வட்டமாகத் தேய்க்கும் வேலையை வாத்தியாரிடம் கொடுத்தாள்.

"மூலை எதுக்கு வட்டமா?"

"கூரா இருந்தா அங்கதான் மொதல்ல தூக்குமுங்க."

சுற்றிலும் பசை வைத்து, ஓட்டைகளின் மேல் அமுக்கி, ரிவெட் ஆணி அடித்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எட்டு ரிவெட். பழைய ஓட்டைக்கான எட்டையும் கலாமணியே அடித்தாள். தண்ணீர்க் குழாய்க்கான ஓட்டையை டிக்கி பக்கம் சரியாகப் போட்டது வாத்தியார்.

"பெயிண்ட் அடிச்சா ஒட்டு தெரியாதுல்ல?"

"பெயிண்ட் அடிக்கலாம். ரிவெட்டு தெரியத்தான் தெரியும்."

வெளியே நின்று அவள் ரப்பர் குழாயால் அரை மணி நேரம் தண்ணீர் அடித்தாள். அவர் உள்ளே, திறந்திருந்த சட்டத்தில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கை நனையவில்லை. மறுநாள் காலை புதுப் பஞ்சும் புதுப் பலகையும் வைத்து மூடினார்கள்.

பத்து மணிக்கு மரகதம் வந்தாள். கையில் துணிப்பை. ஏறுவதற்கு முன் வண்டியை மெல்லச் சுற்றி வந்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏனுங்க, இதென்ன ஒட்டு?"

முப்பத்திரண்டு ஆண்டுகளில் சொல்லிப் பழகிய பதில்கள் எல்லாம் வாத்தியாரின் நாக்கு நுனிக்கு ஓடி வந்தன. அவர் அவற்றை விழுங்கினார்.

"தப்பா ஓட்டை போட்டுட்டேன்."

"யாரு?"

"நான்தான்."

மரகதம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொத்தனார் இல்லீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்று ஆட்டினார். அவள் விரல் மேலே போனது.

"அப்ப இது?"

"அது நான் போட்டதுங்க அக்கா" என்றாள் கலாமணி. "பதினாலு வருசம் ஆச்சு. நேத்துத்தான் ஒழுங்கா அடைச்சேன்."

மரகதம் உள்ளே ஏறினாள். இழுப்புக்காரர்களுக்குக் கண்ணைவிட மூக்குக்குத்தான் நம்பிக்கை. கட்டிலில் உட்கார்ந்து தலைமாட்டுப் பக்கம் குனிந்து மூச்சை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். இருமல் வரவில்லை. துணிப்பையைப் பக்கத்தில் வைத்தாள். அதன் காதை மட்டும் விடவில்லை.

"மழை பேஞ்சா உள்ள தண்ணி வருமாங்க?"

'ஒரு சொட்டு வராது' என்று சொல்லத்தான் சென்னியப்பன் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"இந்த ரெண்டு எடத்துல வராதுங்க" என்றாள் கலாமணி.

மரகதம் பையின் காதை விட்டாள்.