கழற்றாத கூண்டு

பிரஸ் மெஷினில் சூசையின் வலது கை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. "மெஷின் கம்பெனிக்காரன் மாட்டின பாதுகாப்புக் கூண்டை நாங்க ஒருநாளும் கழற்றினதில்லை. இவன்தான் குடிச்சிட்டு உள்ளே கையை விட்டான்" என்று சாதித்தார் முதலாளி தண்டபாணி. நஷ்டஈடு கிடையாதாம். அதே பட்டறையில் கூட்டிப் பெருக்கும் சூசையின் மனைவி ரெஜினாவையும் துரத்த வழி பார்த்தார்.

"கை போன விசாரணைக்கு லேபர் ஆபீசர் வர்றார். அதுக்குள்ள பழைய இரும்புலயே ஒரு டூல் ஸ்டாண்டு செஞ்சு வை. ஒரு ஆணி வாங்கினாலும் உனக்கு வேலை இல்லை."

ரெஜினா பின்கட்டில் குவிந்திருந்த இரும்பைக் கிளறி ஒரு கம்பிவலையை இழுத்தெடுத்தாள். வெல்டர் பரமன் அதற்குக் கால்கள் பற்றவைத்துக் கொடுத்தான்.

விசாரணை நாளன்று சூசையும் வந்து ஓரமாக நின்றான். வந்த ஆபீசர் ஸ்டாண்டைப் பார்த்து, "பரவாயில்லையே!" என்றார்.

தண்டபாணிக்குத் தலைகால் புரியவில்லை. "என் யோசனைதான் சார். பைசா செலவில்லை."

"இந்தக் கம்பிவலை எத்தனை நாளா மழையில கிடந்துச்சுங்கய்யா?" என்றாள் ரெஜினா.

"ரெண்டு வருஷமா கிடந்த குப்பை சார் அது!"

ரெஜினா வலையில் தொங்கிய ஸ்பேனர்களை எடுத்தாள். பின்னாலிருந்த தகட்டில் பிரஸ் மெஷினின் நம்பர் பொறித்திருந்தது.

"ஒருநாளும் கழற்றாத கூண்டு இதுதானேங்கய்யா?"

தண்டபாணியின் முகம் வெளுத்தது. ஆபீசர் சூசையின் பக்கம் திரும்பினார். "உட்காருப்பா. உன் நஷ்டஈட்டைப் பேசுவோம்."

சூசை கும்பிடப் போனான். ஒரு கைதான் எழுந்தது.