காத்துல பறந்து போன லெட்டர்

கடலை ஒட்டி ஒரு ஊர், அந்த ஊர்ல ஒரு ஜெசிந்தா. ஒம்பது வயசு. அப்பா வள்ளத்துல போயி மீன் பிடிக்கிறவரு, அம்மா அதைச் சந்தையில விக்கிறவங்க. இவ டவுன்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சா. அங்க அவளுக்கு ஒரே ஒரு கூட்டாளி, தவமணி. தவமணிக்கு ஊரு எங்கயோ வால்பாறை மலை மேல, டீ எஸ்டேட்ல. கடலையே பார்த்ததில்ல. "லீவுக்கு எங்க வீட்டுக்கு வாட்டி, வாட்டி"ன்னு நச்சரிச்சுக் கூட்டிட்டு வந்தது யாரு? ஜெசிந்தாதான். இதை மறந்துடாத. ம் சொல்லு.

"ம்."

வந்து இறங்கினதும் தவமணி கடலுக்கு ஓடினா பாரு, தொபுக் தொபுக்குன்னு அலையில குதிச்சு, "யாருடி இதுல இம்புட்டு உப்பைக் கொட்டினது?"ங்கிறா. ஒரே கும்மாளம். அப்புறம் சாப்பாடு. பாறை மீன் குழம்பு, தளபுளன்னு கொதிக்குது. அந்த வீட்ல மீன் தலைன்னா அது ஜெசிந்தாவுக்குத்தான், பல்லு முளைச்ச நாள்லருந்து. அன்னைக்கு அம்மா தலையைத் தூக்கி, தொப்புன்னு தவமணி தட்டுல வச்சுட்டாங்க. அவளுக்கு அதை எப்படித் திங்கிறதுன்னே தெரியல. "அத்தை, இது என்னையே பார்க்குது"ன்னா. எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. ஜெசிந்தா சிரிக்கல. அவ தட்டுல வாலு. வெறும் முள்ளு.

"விருந்தாளிப் புள்ளட்டி"ன்னாங்க அம்மா.

அப்புறம் ராத்திரி, ஜிம்மி. ஜிம்மின்னா நாய். ஜெசிந்தா காலடியை விட்டு வேற எங்கயும் படுக்காத நாய். அது என்ன பண்ணிச்சு, மோந்து மோந்து பார்த்துச்சு, சரக்குன்னு போயி தவமணி பாயில சுருண்டுக்கிச்சு. "ஏ ஜிம்மி, இங்க வா." வரல. ஒரு காதை மட்டும் ஆட்டிச்சு. நாய்க்கே நன்றி இல்லன்னா அப்புறம் யாரை நம்புறது, சொல்லு? ஜெசிந்தாவுக்கு வயிறு எரிஞ்சுது. விடிய விடிய எரிஞ்சுது. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்போ மூணாம் நாளு. அப்பா புது வலை வாங்கிட்டு வந்தாரு. புது வலை முதமுதல்ல கடலுக்குப் போறப்போ, வீட்டுப் பொம்பளப்புள்ள ஜெபம் சொல்லித் தொட்டுக் குடுக்கணும். அது அந்த வீட்டு வழக்கம். ஜெசிந்தா குளிச்சு, தலை சீவி, கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா.

"தவமணி, நீ தொட்டுக் குடும்மா. மலையில இருந்து வந்த புள்ள"ன்னாரு அப்பா.

"அப்பா, நான்?"

"நீ எப்பவும் இருக்கிறவதானே."

அவ்வளவுதான், பத்திக்கிச்சு. அப்பா கடலுக்குப் போயாச்சு, அம்மா சந்தைக்குப் போயாச்சு. அப்போ ஜெசிந்தா வந்து சொன்னா:

"ஏட்டி, உங்கம்மா லெட்டர் போட்டிருக்காங்க. உன்னை உடனே கிளம்பி வரச் சொல்லி எழுதியிருக்காங்க."

"எங்கடி லெட்டர்?"

"காத்துல பறந்து கடலுக்குள்ள போயிருச்சு."

தவமணி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தா. "சரிடி"ன்னா. இருந்த ரெண்டு பாவாடையையும் மடிச்சுப் பையில வச்சா. ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்தாங்க, சரக் சரக்னு மணல்ல. ஜெசிந்தா மனசுக்குள்ள, 'போகட்டும், இனி எல்லாம் எனக்குத்தான்'னு சொல்லிக்கிறா. சொல்லச் சொல்ல நல்லாத்தான் இருந்துச்சு. புர்ர்ர்னு பஸ் வந்துச்சு. தவமணி படியில காலை வச்சா. அப்போதான் ஜெசிந்தாவுக்கு உறைச்சுது. இன்னும் எத்தனை நாள் லீவு கிடக்கு! யாரோட விளையாடுறது? ஸ்கூல் திறந்தா பக்கத்துல யாரு உக்காருவா?

"இறங்குட்டி! லெட்டரும் வரல ஒண்ணும் வரல. நான்தான் பொய் சொன்னேன்!"

"தெரியும்."

"எப்படி?"

"எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாதே."

"அப்புறம் ஏன்டி கிளம்புன?"

"நீதான் என்னைப் போகச் சொல்றன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எப்படி இருக்கிறது?"

ஜெசிந்தா ஓன்னு அழுதா. அழுதுகிட்டே பையைப் பிடுங்கித் தன் தோள்ல மாட்டிக்கிட்டா. "ஏறுதீங்களா, இல்லையா?"ன்னு கத்துறாரு கண்டக்டர்.

"நீங்க போங்கண்ணே. இவ எங்க வீட்டுப் புள்ள."

பஸ்ஸு போயிருச்சு, கதையும் அதுல ஏறிப் போயிருச்சு. கண்ணை மூடு தங்கம், தூங்கு.