வசுமதிக்கு ஈடாக மூன்று கேன் தண்ணீர்

கனடாவில், கால்கரி நகரம் முடிந்து கோதுமை வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு சரளைக்கல் மைதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் பரிமளம் அங்கே பாடம் நடத்துவாள். சங்ககிரிக்காரி, நாற்பத்திரண்டு வயது. வார நாட்களில் பதினெட்டுச் சக்கர லாரியை மலை தாண்டி வான்கூவருக்கு ஓட்டிப்போய்த் திரும்புகிறவள். ஊர்த் தமிழர்கள் முதலில் கேலிக்குத்தான் அவளை 'குருவே' என்று கூப்பிட்டார்கள். அவள் பேச்சைக் கேட்காமல் வண்டியைப் பின்னால் எடுத்து இரண்டு மூன்று பேர் அடுத்தவன் வேலியைச் சாய்த்த பிறகு கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவளிடம் குலசேகரன் வந்தார். வயது அறுபத்தொன்று. வங்கியில் கணினிப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கட்டம் போட்டு எழுதாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அன்றைக்கும் கக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது, ஐந்து வண்ணத்தில்.

"குருவே, எந்த டிரக் வாங்கட்டும்?"

"எதுக்குங்க?"

குலசேகரன் மைதானத்தின் மூலையைக் காட்டினார். முப்பத்தெட்டு அடி நீளத்தில் அவருடைய கேம்பர் நின்றிருந்தது. அடுப்பு, குளியலறை, சோபா, கட்டில் எல்லாம் உள்ளே. ஃபிஃப்த் வீல் என்பார்கள். கொக்கியில் மாட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற ரகம் அல்ல, மூக்கை நீட்டி டிரக்கின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வீட்டை வாங்கிப் போன மாதமே கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது, இழுக்கத்தான் ஆள் இல்லை. மண்டபத்தைப் பேசி முடித்துவிட்டு மாப்பிள்ளை தேடுகிற கதை.

"யார் யார் போறீங்க?"

"நானும் என் மனைவி வசுமதியும். ஒரு வருஷம். இந்தக் கடல்லேர்ந்து அந்தக் கடல் வரைக்கும்."

"அம்மாவுக்குச் சந்தோஷந்தானுங்களா?"

குலசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வசுமதி வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. 'பார்க்கலாம்' என்றாள். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் அவள் பார்க்கலாம் என்று சொன்ன காரியம் ஒன்றுகூட நடந்ததில்லை.

"நல்ல வண்டியா வாங்கிட்டா வந்துருவா" என்றார். "அவ வரலைன்னா எனக்கு எதுக்கு வீடும் சக்கரமும்? வித்துட்டு வீட்டோட உட்கார்ந்துருவேன்."

"அப்ப நீங்களே ஒண்ணு பார்த்து வெச்சிருப்பீங்களே."

இதற்குத்தானே காத்திருந்தார்! அட்டவணையை விரித்து, பச்சை அடித்திருந்த வரியில் விரலை வைத்தார். சிவப்பு நிறத்தில், கைக்கு அடக்கமான டிரக்.

"இழுக்கிற சக்தியைப் பாருங்க. நம்ம கேம்பர் எடையைவிட ரெண்டாயிரம் பவுண்டு அதிகம்."

தமிழ்க் கடையில் இறக்க வேண்டிய அரிசி மூட்டைகள் பரிமளத்தின் லாரியில் இருந்தன. ஆறு மூட்டையை ஒரு தள்ளுவண்டியில் அடுக்கி, கைப்பிடியை அவரிடம் கொடுத்தாள்.

"இழுங்க."

அவர் ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கனமா இருக்குங்களா?"

"பூ மாதிரி வருது."

"சரி, இதுல ஒண்ணே ஒண்ணை முதுகுல வாங்குங்க."

இருபது கிலோ மூட்டை. பத்து எட்டு வைத்தார். பதினோராவது எட்டில் முகம் வெளுத்து, கை தானாக நெஞ்சுக்குப் போனது. பரிமளம் சட்டென்று மூட்டையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு அவரை லாரிப் படியில் உட்காரவைத்தாள்.

"நெஞ்சுல என்னங்க சார்?"

"ஒண்ணுமில்லை. போன நவம்பர்ல சின்னதா ஒரு ஸ்டென்ட்."

"பெருசுன்னா எவ்வளவு பெருசா வெப்பாங்க?"

"டாக்டர் தாராளமா வண்டி ஓட்டலாம்னு எழுதியே குடுத்துட்டார், குருவே!"

பரிமளம் மூட்டையை லாரியில் ஏற்றினாள். குலசேகரன் மூச்சு வாங்கியபடி மூலையில் நின்ற கேம்பரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்குப் போனதும் அட்டவணையில் 'இழுக்கும் எடை' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'முதுகு தாங்கும் எடை' என்று எழுதினார். சிவப்பு டிரக் கடைசி இடத்துக்குப் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெரிய கறுப்பு டிரக்கில் வந்து இறங்கினார். டீசல். பின்னால் மட்டும் நான்கு சக்கரம். ஏறுவதற்கே படி வேண்டும். விற்கிறவர் பத்து நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தார். கேம்பரை அதன் முதுகில் ஏற்றி, நெடுஞ்சாலை எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, சீட்டோடு வந்திருந்தார்.

"காலியா நிறுத்தினீங்களா?"

"காலியா நிறுத்துவேனா? தண்ணித் தொட்டி முழுக்க ரொப்பி, ரெண்டு கேஸ் சிலிண்டர், கிரைண்டர், அரிசி, பருப்பு, போர்வை, என் புஸ்தகம்… எல்லாத்தையும் ஏத்தித்தான் நிறுத்தினேன். தாங்குற எடைக்கு இன்னும் எழுநூறு பவுண்டு கம்மி. நீங்களே பாருங்க."

பரிமளம் சீட்டைப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. டிரக்கின் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் மூன்று கேன் தண்ணீர். குறுக்கே பெல்ட் போட்டிருந்தது.

"இது யாருங்க?"

"வசுமதி."

"ஓ."

"ஐம்பத்தேழு கிலோ. மூணு கேன்னா கணக்காச் சரியா வருது. அவ எடையையும் சேர்க்கணும் இல்லையா?"

"பெல்ட் எதுக்கு?"

"போடலைன்னா வண்டி கத்துது."

"நிச அம்மா கத்த மாட்டாங்களா?"

"கத்தினாத்தான் தேவலையே! 'எடைமேடைக்கு ஒரு நடை வாயேன்'னேன். முட்டி வலிக்குதுன்னா. முட்டிக்குத்தான் படி போட்ட வண்டியா வாங்கறேன்னேன். மலையில குளிருமேன்னா. கேம்பருக்குள்ள ஹீட்டர் இருக்குடீன்னேன். நாம போயிட்டா கறிவேப்பிலைச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துவான்னு கேக்கறா. தொட்டியோட தூக்கி வெச்சுக்கலாம்னுட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"பார்க்கலாம்னா."

பரிமளம் கதவைச் சாத்தினாள்.

"மூணு காரணம் சொன்னாங்கன்னா, சொல்லாத ஒண்ணு இருக்குதுங்க சார். அடுத்த ஞாயித்துக்கிழமை இந்தத் தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டு ஆளைக் கூட்டிட்டு வாங்க. அதுக்கு முந்தி எதுலயும் கையெழுத்துப் போட்டுராதீங்க."

"பத்து நாள்தான் குடுத்திருக்கான், குருவே. அடுத்த திங்கட்கிழமை முடியுது."

"ஞாயித்துக்கிழமை அதுக்கு முந்திதானே வருது?"

வசுமதி வந்தாள். கையில் ஒரு ஃபிளாஸ்க், முகத்தில் ஒரு முடிவு. "உங்க குரு கூப்பிட்டாங்களேன்னு வந்தேன். வேடிக்கை பார்த்துட்டுப் போயிடுவேன்" என்று வரும் வழியிலேயே சொல்லிவிட்டிருந்தாள்.

பரிமளம் அவளுக்கு வணக்கம் சொல்லி முன் இருக்கையில் ஏற்றிவிட்டாள். தான் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். குலசேகரன் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். முதுகில் கேம்பர். மைதானத்தின் மறுகோடியில் ஆள் உயரத்துக்கு ஒரு சரளைக் குவியல்.

"மெதுவா நடக்கிற வேகத்துல ஓட்டுங்க சார். குவியலைப் பார்த்தே போங்க."

வண்டி நகர்ந்தது. பாதி மைதானம் வந்தது.

"சார்."

"சொல்லுங்க குருவே."

"நீங்க செத்துட்டீங்க."

குலசேகரன் சிரித்தார். வசுமதி சிரிக்கவில்லை. பெல்ட்டோடு திரும்பினாள்.

"என்ன பேச்சும்மா இது? மொதல்ல வாயைக் கழுவு!"

"கழுவிக்கறேங்கம்மா. சார், செத்தவரு ஸ்டீயரிங் பிடிக்க மாட்டாரு. கையை எடுங்க. காலையும் எடுங்க."

குலசேகரன் எடுத்தார். குருவாயிற்றே. டீசல் இன்ஜின் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டு உருண்டது. பின்னால் எட்டு டன் வீடு. முன்னால் குவியல்.

"அம்மா, வண்டியை நிறுத்துங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாதே!"

"ஓட்டச் சொல்லலைங்க. நிறுத்தச் சொன்னேன்."

வசுமதி குனிந்து பார்த்தாள். காலை அந்தப் பக்கம் போட நினைத்தாள். நடுவில் சமையல் மேடை அகலத்துக்கு ஒரு பெட்டி. முட்டி அதில் இடித்தது. சாவியைத் தேடினாள், சாவியே இல்லாத வண்டி. ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள். பாட்டு வந்தது.

"ஏங்க! ஏங்க! ஏங்க!"

செத்தவர் பிரேக்கை மிதித்துவிட்டார்.

குவியலிலிருந்து நாலைந்து கற்கள் உருண்டு சக்கரத்தடியில் விழுந்தன. பரிமளம் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"உங்க இடது முட்டிக்கு மேல, கதவோரமா, துணிக்குப் போடுற கிளிப் மாதிரி ஒண்ணு இருக்குது பாருங்க சார். கேம்பர் சக்கரத்துக்கு மட்டும் தனி பிரேக் அது. கொஞ்சம் பின்னால எடுத்துட்டு, மறுபடி விட்டு, அதை மட்டும் கிள்ளுங்க. காலைத் தொடாதீங்க."

அவர் அப்படியே செய்தார். கிள்ளியதும், பின்னால் இருந்து யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்த மாதிரி மொத்த வண்டியும் நின்றது.

"அட! பக்கத்துல இருக்கிறவங்களே நிறுத்திடலாமே" என்றார் குலசேகரன்.

"அம்மா, இப்ப நீங்க. கால் வேண்டாம். கை போதும்."

வசுமதி ஃபிளாஸ்கைக் கீழே வைத்தாள். இடது கையை நீட்டினாள். பெல்ட் இறுக்கிப் பிடித்தது. வளையல் ஸ்டீயரிங்கில் இடித்துச் சத்தம் போட்டது. நாலு விரல் தூரம் எட்டவில்லை. இன்னொரு தடவை எக்கினாள். மூன்றாவது தடவை எக்கியவள் கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது கணவன் மடியிலேயே கிடந்தது.

"நவம்பர்ல சமையலறையில விழுந்தீங்களே" என்றாள். "அடுப்புல ரசம் கொதிச்சுக்கிட்டு இருந்தது. எனக்கு அடுப்பை அணைக்கத் தெரிஞ்சுது. போன் போடத் தெரிஞ்சுது. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கத் தெரிஞ்சுது. ஏன்னா அது நின்ன வீடுங்க. இது ஓடுற வீடு."

குலசேகரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முட்டின்னியே. குளிர்னியே."

"பின்னே? இதை எந்தப் பொண்டாட்டி தன் வாயால சொல்லுவா?"

"அப்படி ஒண்ணும் ஆகாது, வசு."

"ஆகாதுதான். ஆகவே ஆகாது." வசுமதி கையை எடுத்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இறக்கத்துல, அந்தப் பக்கம் பள்ளம், இந்தப் பக்கம் பாறைன்னு போயிட்டிருக்கும்போதும் ஆகாதுன்னு சொல்லிக்கிட்டே நான் பக்கத்துல உட்கார்ந்து வரணும். ஒரு வருஷம்."

குலசேகரன் இன்ஜினை நிறுத்தினார். அப்போதுதான் காற்றுச் சத்தம் கேட்டது.

"குருவே, நாளைக்குக் கையெழுத்துப் போடணும்" என்றார், திரும்பிப் பார்க்காமல். "இந்த வண்டி இல்லைன்னா, எதைத்தான் நான் வாங்கட்டும்?"

பரிமளம் இறங்கி வசுமதி பக்கத்துக் கதவைத் திறந்தாள். கோட்டுப் பையில் துழாவி ஒரு சணல் கயிற்றை எடுத்தாள்.

"அம்மா, நல்லாச் சாஞ்சு உட்காருங்க. பெல்ட் அப்படியே இருக்கட்டும். கையை நீட்டுங்க. எக்க வேண்டாம், உங்களுக்கு வர்ற வரைக்கும்."

வசுமதி நீட்டினாள். பரிமளம் கயிற்றின் ஒரு நுனியை அவள் தோளில் வைத்து, விரல் நுனிவரை இழுத்துப் பிடித்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இரும்மா" என்றாள் வசுமதி. "மலைப்பக்கம் குளிருமே. தடிக் கோட்டு போட்டிருப்பேன், கை இவ்வளவு வராது. ரெண்டு விரல் குறைச்சே முடிச்சுப் போடு."

குலசேகரன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கோதுமை வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிமளம் முடிச்சை அவிழ்த்து, இரண்டு விரல் குறைத்து மறுபடி போட்டாள். மிச்சக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். அளந்ததைக் குலசேகரனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்த நீளத்துக்குள்ள பிரேக் இருக்கிற வண்டியாப் பாருங்க சார்."