விளிம்பில் நின்ற கிருமிகள்

பேராசிரியர் பிலோமினாளின் கையொப்பத்துக்காகக் கட்டுரை மேசைமேல் காத்திருந்தது. மாலை ஐந்து மணிக்குள் அது ஆய்விதழுக்குப் போய்ச் சேர வேண்டும். வெளிநாட்டில் இன்னொரு குழுவும் அதே மருந்தை ஆராய்கிறது என்ற செய்தி வந்திருந்தது. ஒரு நாள் பிந்தினாலும் ஆய்வாளன் கோமதிநாயகத்தின் ஆறு ஆண்டு உழைப்பு இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படும்.

உடலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் வெள்ளையணுக்கள் உண்டு. அவனுடைய மருந்து பட்டால் அவை காசநோய்க் கிருமிகளை ஏறக்குறைய இரு மடங்கு விழுங்குகின்றன. கட்டுரையின் சாரம் அவ்வளவுதான்.

"செண்பகவல்லியும் எண்ணிப் பார்த்திருக்கிறாள். அவள் கணக்கில் அந்த இரு மடங்கு இல்லையே" என்றார் பேராசிரியர்.

"அவள் ஆய்வில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது, மேடம். எதில் மருந்து என்று தெரியாதபடி ஸ்லைடின் சீட்டை மறைத்துவைத்துக்கொண்டு எண்ணுகிறாள்."

"நீ மறைப்பதில்லையா?"

"முதல் ஆண்டில் மறைத்தேன். அது கண் பழகாதவர்களுக்கு. எத்தனை ஆண்டு பழகினால் ஒருவன் தன் கண்ணை நம்பலாம்? நீங்களே சொல்லுங்கள்."

பேராசிரியர் இழுப்பறையைத் திறந்து நான்கு ஸ்லைடுகளை எடுத்து நுண்ணோக்கியின் அருகே வைத்தார். இரண்டில் சிவப்புச் சீட்டு. அந்த ஆய்வகத்தில் அது மருந்து கண்டவற்றின் அடையாளம். மருந்து காணாதவற்றுக்கு வெள்ளை.

"ஒவ்வொன்றிலும் நூறு அணுக்களுக்குள் இருக்கும் கிருமிகளை எண்ணு. பிறகு கையெழுத்து."

"மணி இரண்டரை ஆகிவிட்டது, மேடம்."

"பேசிக்கொண்டிருந்தால் மூன்றாகும்."

அவன் அமர்ந்தான். நீலச் சாயம் ஏறிய அணுக்களுக்குள் கிருமிகள் சிறுசிறு சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தன. அவன் கையிலிருந்த எண்ணும் கருவி 'டிக், டிக்' என்று ஒலித்துக்கொண்டே இருந்தது. பேராசிரியர் அவனுக்குப் பின்னால் நின்றார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

நான்கு மணிக்கு அவன் நிமிர்ந்தான்.

"சிவப்பில் நானூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. வெள்ளையில் இருநூற்று முப்பத்தொன்று, இருநூற்று நாற்பது. பார்த்தீர்களா, மேடம்?"

பேராசிரியர் தம் குறிப்பேட்டைத் திறந்து அவன் முன் வைத்தார். நேற்றைய தேதியிட்ட பக்கத்தில் அவர் கையெழுத்தில் இரண்டே வரிகள் இருந்தன.

'ஒரே குழாயிலிருந்து நான்கு ஸ்லைடுகள். மருந்து சேர்க்கவில்லை.'

அவன் அதை மறுபடியும் படித்தான்.

"என்னை ஏமாற்றிவிட்டீர்கள்."

"ஆமாம். ஒரு முறை."

அவன் குறிப்பேட்டை மூடித் தள்ளிவைத்தான்.

"அணுவின் விளிம்பில் ஒட்டி நின்ற கிருமிகளை எப்படி எண்ணினாய்?" என்று கேட்டார் பேராசிரியர்.

அவன் சிவப்புச் சீட்டிட்ட ஸ்லைடு ஒன்றை மீண்டும் பார்த்தான். பிறகு வெள்ளை ஒன்றைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"சிவப்பில் அவை உள்ளே இருப்பதாகத் தோன்றின."

"வெள்ளையில்?"

"வெளியே."

பேராசிரியர் பேனாவை மூடிவைத்தார்.

"ஐந்து வருட அறிக்கைகளில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது, மேடம்."

"இருக்கிறது. அதனால்தான் இந்த ஸ்லைடுகளை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே தயாரித்தேன். அந்த ஐந்து வருடக் கணக்கையும் நம்ப வேண்டாமென்று நாளை நானே கடிதம் எழுதுவேன்."

கடிகாரம் நாலரையைக் காட்டியது. கோமதிநாயகம் கட்டுரையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். அவன் குரல் தணிந்திருந்தது.

"என் கணக்கு முழுதும் தவறென்று இன்னும் நிரூபணமாகவில்லையே. மருந்து வேலை செய்யவும் செய்யலாம். இன்று அனுப்பிவிடுவோம். சீட்டை மறைத்து எல்லாவற்றையும் பிறகு எண்ணுகிறேன். இங்கே நடந்தது நம் இருவருக்கு மட்டும்தானே தெரியும்?"

"மூவருக்கு."

அவன் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தான்.

"செண்பகவல்லிக்கா?"

"அவளுக்குத் தெரியாது" என்றார் பேராசிரியர். "உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா என்று கிருமிக்குத் தெரியும்."