இந்தப் பலவேசம்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் வில்லுப்பாட்டுக்கார மாசானம்.

இதைச் சொல்லிக்கொண்டேதான் சாமி முன்னால் உட்கார்ந்தேன். ஆற்றங்கரை மடத்துச் சாமி என்னைவிட இளையவர். துறவுக்கு முன்னால் வக்கீலாக இருந்தவர்.

“என்ன செய்தான்?”

“என் பாட்டை எடுத்துக்கொண்டான். என் பெண்டாட்டி மாடத்தி கோபித்துக்கொண்டு கிழக்கே அவள் ஊருக்குப் போனாள். திரும்பவில்லை. அவளை நினைத்துக் கட்டினேன். கட்டியவன் பேரைக் கடைசி அடியில் வைப்பது எங்கள் வழக்கம். ‘ரெண்டு பேருக்கு உலை வைக்கிறான் இந்தப் பலவேசம்.’”

“அவன்?”

“‘இந்த மாசானம்’ என்று மாற்றிப் பாடிவிட்டான். அதுவும் அவள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில். அவன் ஒருநாளும் உலை வைத்தது கிடையாது சாமி.”

சாமி சிரித்தார்.

“அவனிடம் கேட்டீரா?”

“கேட்டேன். ‘பெண்டாட்டிக்கு ஏங்குறதை உம்ம பேருக்குப் பட்டா போட்டிருக்கா வேய்’ என்றான்.”

“ஏங்குவது எல்லாருக்கும் பொது. நீர் கோத்த சொல் உம்முடையது.”

“எங்கேயும் பதியவில்லையே.”

“பதிய வேண்டியதில்லை.”

“காலண்டர் தாளில்தான் எழுதினேன். நிறையப் பிழை.”

“பிழையும் உம்முடையதே. அவனுக்கு உரிமையை எழுதிக் கொடுத்தீரா?”

“இல்லை.”

“அப்படியானால் பாடுவதற்கே உம்மைக் கேட்டிருக்க வேண்டும். நீர் விற்றிருந்தாலும் பேரை எடுக்க முடியாது.”

“எத்தனை காலத்துக்கு?”

“நீர் இருக்கும்வரை. அதற்குமேல் அறுபது வருஷம்.”

“அவள் அவ்வளவு காலம் இருக்க மாட்டாளே சாமி.”



“உமக்கு என்ன வேண்டும்? வழக்கா?”

“பாட்டைக் கேட்டு அழுதாளாம். கூப்பிடுகிறவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டும்.”

“யார் சொல்ல வேண்டும்?”

“மாசானம். அதே கோயிலில், அதே மைக்கில்.”

“நீரே போய்ச் சொன்னால்?”

“எடுத்தவன்தானே கொடுக்கணும்?”

சாமி எழுந்தார். வாசலுக்குப் போய்க் குனிந்தார். என் செருப்பைத் தம் கையால் எடுத்துக் கிழக்கே பார்க்க வைத்தார்.

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பொழுது சாய்ந்தது. அவள் ஊருக்குப் போகும் கடைசி பஸ் பாலத்தில் நின்று, ஆளேற்றிக்கொண்டு போனது.

எடுத்தவன் வரட்டும் என்று படியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

மாசானம் இன்னும் வரவில்லை.