தலைப்பாகைக்கு வந்தது தலையோடு போன கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தான். எந்தக் காலம், எந்தத் தேசம் என்று குறுக்கே கேட்டால் எனக்குக் கோபம் வரும், சொல்லிவிட்டேன். அவன் பெயர் வீரகண்டன். நல்லவன்தான். வரியை ஏற்றமாட்டான், யாராவது அழுதால் தானும் கூடச் சேர்ந்து அழுவான். ஒரே ஒரு குறை, அவனுக்கு எதுவும் ஆறக்கூடாது. அடுப்பிலிருந்து இறங்கிய பாயசத்தை அப்படியே வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொள்வான். மறுநாளும் அதே பாயசம், அதே நாக்கு. காலையில் மாங்கொட்டையை ஊன்றச் சொல்லிவிட்டு மாலையில் போய், "இன்னுமா காய்க்கவில்லை?" என்று தோட்டக்காரனை வேலையைவிட்டு விரட்டுவான். பிறகு மனசு கேட்காமல் திரும்பக் கூப்பிடுவான். தோட்டக்காரனைத் திரும்பக் கூப்பிடலாம். வெட்டச் சொன்ன தலையை எப்படித் திரும்பக் கூப்பிடுவது? அந்த அரண்மனையில் எல்லாருக்கும் அடிவயிற்றில் இருந்த பயம் அதுதான்.

அந்தப் பயத்தையும் சிரிப்பாக்கிப் பிழைத்தவன் உத்தண்டி, சபையின் விகடகவி. ராஜாவுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். அதனாலேயே முதல் மந்திரியான பிரதானி காரியப்பருக்கு அவனைக் கண்டால் வயிறு எரியும். காரியப்பர் பூசணிக்காய் பருமனில் பட்டுத் தலைப்பாகை கட்டுகிறவர். "இதற்குக் கீழே தலையும் இருக்கிறதா பிரதானியாரே?" என்று ஒருநாள் சபையில் உத்தண்டி கேட்டுவிட்டான். ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். அன்று முதல் காரியப்பர் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜாவின் பிறந்தநாள் வந்தது. அரண்மனை நாட்டியம் பார்த்துப் பார்த்து அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. "தெற்கே நல்ல கூத்து ஆடுகிறார்கள் மகாராஜா, கூட்டி வருகிறேன்" என்று உத்தண்டி ஒரு கூத்துக் கோஷ்டியை அழைத்து வந்தான். விளக்கு வைத்ததும் அரண்மனை முற்றத்தில் கூத்து தொடங்கியது. செண்பகவல்லி என்கிற இளவரசி, மணிமார்பன் என்கிற இளவரசன் கதை. திரைக்குப் பின்னாலிருந்து செண்பகவல்லி ஒரு பாட்டு எடுத்தாள் பாருங்கள், ராஜா பாக்குப் போட மறந்தான். அவள் வெளியே வந்து கண்ணைச் சுழற்றியதும் வெற்றிலையும் கையிலிருந்து விழுந்தது. இளவரசியும் இளவரசனும் கோயில் வாசலில் பார்த்த மாத்திரத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். அதைப் பொறுக்கமுடியாமல் ராஜா விருட்டென்று எழுந்து அந்தப்புரத்துக்குப் போய்விட்டான். பாதிக் கதையோடு போனவன், காலையில் சபை கூடியதும் கூடாததுமாக அறிவித்தான்.

"செண்பகவல்லியை நான் மணக்கப்போகிறேன். உடனே!"

உத்தண்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் செண்பகவல்லி என்பவள் முத்திருளன். வீராயியின் புருஷன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். கூத்தில் பெண் வேஷம் ஆணுக்குத்தான் என்பது சந்தையில் புளி விற்கிறவளுக்குக்கூடத் தெரியும். ஆனால் ராஜா அதுவரை பார்த்ததெல்லாம் அரண்மனை நாட்டியம், அங்கே ஆடுகிறவர்கள் நிஜப் பெண்கள். நாட்டுக்கூத்தை அவன் பார்த்ததே அன்றுதான், அதுவும் பாதி.

உத்தண்டி வாயைத் திறப்பதற்குள் காரியப்பர் எழுந்து கும்பிட்டார். "மகாராஜா, இன்று அந்திப்பொழுதிலேயே அருமையான முகூர்த்தம் இருக்கிறது. இதைவிட்டால் ஆறு மாதம் ஆகும். கூத்தை அழைத்து வந்தவர் உத்தண்டி. பெண்ணையும் அவரே அழைத்து வருவதுதான் முறை. தவறினால்..."

"தவறினால் தலை!" என்றான் ராஜா. யோசித்தா சொன்னான்? வாயில் வந்தது, சொல்லிவிட்டான்.

காரியப்பர் மீசைக்குள் சிரித்த சிரிப்பு உத்தண்டியின் கண்ணில் பட்டது. 'அடப் பாவி மனுஷா! இவருக்கு விஷயம் தெரியும்' என்று அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. கொண்டுவராவிட்டால் தன் தலை. உண்மையைச் சொன்னால், தப்பிக்கச் சொல்லும் சாக்கு என்பார் காரியப்பர். கொண்டுவந்தால், ஊரையெல்லாம் கூட்டிவைத்து அவமானப்பட்ட ராஜாவின் வாள் முதலில் முத்திருளன் கழுத்தில்தான் இறங்கும். அப்புறம் ராஜா உட்கார்ந்து அழுவான். அழுது என்ன பிரயோசனம்?

கோஷ்டி தங்கியிருந்த சத்திரத்துக்கு உத்தண்டி ஓடினான். கைலாசத்துக்கும் வைகுண்டத்துக்கும் நடுவில் இருப்பவனைப்போல முத்திருளன் நிம்மதியாகப் பழையசோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கவளம் தொண்டையில் நின்றது.

"சாமீ! நான் என்ன பாவம் செஞ்சேன்? பாட்டுதானே பாடுனேன்! எம் புள்ளைங்களுக்கு யாரு இருக்கா?"

வீராயி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மனுசனைப் பாத்து அப்படிக் கண்ணைச் சுழட்டாதய்யான்னு அப்பவே சொன்னேனே, கேட்டியா?" என்றவள் உத்தண்டியிடம் திரும்பினாள். "அண்ணே, நீங்கதான் கூட்டியாந்தீங்க. நீங்கதான் இவரை முழுசா எங்கிட்டத் திருப்பித் தரணும். தலையில்லாமக் குடுத்தா நான் வாங்கமாட்டேன், ஆமா!"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நம்மால்தானே இந்தக் குடும்பத்துக்கு இந்தக் கதி என்று உத்தண்டி நொந்துபோனான். பிறகு திடீரென்று கேட்டான்: "ஏன் முத்திருளா, நேற்றுக் கடைசியில் செண்பகவல்லி என்ன ஆனாள்?"

"என்ன ஆவா? கொளத்துல குதிச்சுச் செத்தா."

"அப்படிச் சொல்லு!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான் உத்தண்டி.

அந்திநேரம் சபை நிறைந்திருந்தது. ராஜா பட்டும் மாலையுமாக, பந்தக்கால் மாதிரி நின்றுகொண்டே இருந்தான். உட்காரப் பொறுமையில்லை. உத்தண்டி தலைவிரிகோலமாக, செண்பகவல்லியின் காகித மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதபடி வந்தான்.

"மகாராஜா! செண்பகவல்லி குளத்தில் குதித்து இறந்துவிட்டாள்!"

"என்ன! யார் பார்த்தது?"

"ஊரே பார்த்தது மகாராஜா. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்."

ராஜா வாயிற்காவலனைக் கேட்டான். "ஆமாங்க மகாராஜா. இந்தக் கண்ணாலேயே பாத்தேன். அழுது அழுது மூஞ்சி வீங்கிப்போச்சு" என்றான் அவன். சாமரம் வீசும் பெண்ணைக் கேட்டான். அவள், "என்ன அழகாச் செத்தா தெரியுங்களா! சனமெல்லாம் கைதட்டுச்சு!" என்றாள்.

"கைதட்டினார்களா! அடப் படுபாவிகளா!" என்று அலறினான் ராஜா. "அவளில்லாத உலகத்தில் எனக்கு என்ன வேலை? செண்பகவல்லீ! இதோ வந்துவிட்டேன்!"

கிரீடத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அரண்மனைத் தாமரைக் குளத்தைப் பார்த்து ஓட்டமாக ஓடினான்.

இதை உத்தண்டி எதிர்பார்க்கவில்லை. ராஜா ஒரு வாரம் அழுவான், அதற்குள் கோஷ்டியை ஊர் அனுப்பிவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தான். அவனும் பின்னாலேயே ஓடினான். தான் உண்மையைச் சொன்னால் தலைக்குப் பயந்து பொய் சொல்கிறான் என்றுதான் ராஜா நினைப்பான். பக்கத்தில் தலைப்பாகையைப் பிடித்தபடி காரியப்பர் மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தார். உத்தண்டி அவர் காதோடு சொன்னான்.

"பிரதானியாரே, மகாராஜா போய்விட்டால் நாளைக்குப் பட்டம் அவர் தம்பிக்கு. தம்பிக்கு உம்மைக் கண்டாலே ஆகாது, ஞாபகம் இருக்கிறதா?"

ராஜா படியிறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றான். இன்னும் ஒரு படி இறங்கினால் ஆழம்.

"மகாராஜா! நில்லுங்கள்!" என்று கத்தினார் காரியப்பர். "அவள் சாகவில்லை! அவள் பெண்ணே இல்லை! கூத்தாடி முத்திருளன்! நேற்று இரவு திரைக்குப் பின்னால் அரிதாரத்தைக் கழுவியதை என் கண்ணால் பார்த்தேன்!"

ராஜா மெள்ளத் திரும்பினான். "நேற்று இரவே தெரியுமா? தெரிந்துமா இன்று எனக்கு முகூர்த்தம் பார்த்தீர்?"

காரியப்பர் தலைப்பாகையை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டார். ஆனால் ராஜாவின் கோபம் ஓரிடத்தில் நிற்குமா? வெட்கம் வேறு சேர்ந்துகொண்டது. "முதலில் என்னை ஏமாற்றிய அந்தக் கூத்தாடியின் தலையைக் கொண்டுவாருங்கள்!" என்றான்.

உத்தண்டி தண்ணீரிலேயே விழுந்து அவன் காலைப் பிடித்தான். இந்த முறை அழுகை நடிப்பில்லை. "மகாராஜா, அவன் யாரையும் ஏமாற்றவில்லை. கூத்தை முடித்து வேஷத்தைக் கலைத்து, சபைக்குக் கும்பிடு போட்டான். அதைப் பார்க்கத் தாங்கள்தான் அங்கே இல்லை. மீதிக் கூத்தைப் பாருங்கள். பார்த்த பிறகும் தலை வேண்டுமென்றால் என் தலையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்."

ராஜா ஈரவேஷ்டியோடு வந்து முற்றத்தில் உட்கார்ந்தான். முத்திருளன் நடுங்கிக்கொண்டே வேஷம் கட்டினான். ஆனால் மத்தளம் முழங்கியதும் நடுக்கமெல்லாம் போய், செண்பகவல்லி வந்துவிட்டாள்.

மணிமார்பன் ஆற்றில் குளிக்கப்போகிறான். காற்று அவன் தலைப்பாகையை அடித்துக்கொண்டு போகிறது. அவன் கரையில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். தலைப்பாகை மட்டும் மிதந்து மிதந்து செண்பகவல்லி நீராடுகிற துறைக்கு வந்து சேருகிறது. அவள் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள்.

"ஏய்! அவன் சாகவில்லை!" ராஜா எழுந்தே நின்றுவிட்டான். "தலைப்பாகைதான் போயிற்று! ஆளை அனுப்பி விசாரியேன், பெண்ணே!"

அவள் எங்கே விசாரித்தாள்? பக்கத்துக் குளமாக இரண்டுபேர் பிடித்திருந்த நீலச் சேலைக்குள் குதித்தாள், செத்தாள். அப்புறம் மணிமார்பன் ஈரத்தலையோடு பாடிக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்தான். 'ஏன், எதனால்' என்று ஒரு வார்த்தை கேட்காமல் அவனும் குதித்தான்.

"முட்டாள்! முட்டாள்! கொஞ்சம் பொறுத்தால் என்ன கெட்டுப்போயிற்று?" என்று ராஜா கத்தினான். கத்திவிட்டுத் தன் ஈரவேஷ்டியைப் பார்த்துக்கொண்டான். முகம் சிவந்துவிட்டது. பிறகு முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மங்களம் பாடினார்கள். செத்த இளவரசி எழுந்து கொண்டையைக் கழற்றி, தலையைச் சொறிந்துகொண்டே கும்பிட்டாள். வீராயி கஞ்சிச் செம்போடு மேடைக்கு வந்துவிட்டாள். இனி போவதற்கு என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தைரியம்.

"மகாராசா! இவரைக் கட்டிக்கிறதுன்னா கட்டிக்கிடுங்க. ஆனா புள்ளைங்களையும் சேத்துக் கூட்டிக்கிட்டுப் போயிரணும். சோத்துக்கு ஊறுகா இல்லாட்டி இவருக்குக் கோவம் வரும். குறட்டையில கூரை ஓடு எறங்கும். அப்புறம் எங்கிட்டத் திருப்பிக் குடுத்தா நான் பொறுப்பில்லை!"

ராஜாவுக்குக் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வேண்டாம் தாயே, உன் புருஷன் உனக்கே இருக்கட்டும்!" என்றான். வீராயி அப்போதுதான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

சிரித்து முடித்ததும் ராஜாவின் பார்வை காரியப்பர்மேல் விழுந்தது. கை வாளுக்குப் போயிற்று. "தவறினால் தலை என்று சபையில் சொன்னேன். தவறியவர் நீர்தான்!"

"மகாராஜா, ஒரு நிமிஷம்" என்று உத்தண்டி குறுக்கே வந்தான். "இப்போதுதானே பார்த்தோம். கூத்தில் தலைப்பாகைக்கு வந்தது தலையோடு போயிற்று. நம் சபையிலாவது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டுமே."

ராஜா வாளிலிருந்து கையை எடுத்தான். யோசித்தான். ஆமாம், யோசித்தான்! சபை அப்படியே வாயைப் பிளந்தது. பிறகு அவனே எட்டிக் காரியப்பரின் பட்டுத் தலைப்பாகையைக் கழற்றினான். உள்ளே வழுக்கையாக ஒரு சின்னத் தலை மினுமினுத்தது.

"இருக்கிறது மகாராஜா, தலை இருக்கத்தான் செய்கிறது!" என்றான் உத்தண்டி. அன்றைக்குக் காரியப்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உயிர் பிழைத்த சிரிப்பு அது.

அந்தத் தலைப்பாகை முத்திருளன் கோஷ்டிக்குப் போயிற்று. அதற்குப் பிறகு மணிமார்பனின் ஆற்றில் ஊர் ஊராக மிதந்து வந்தது பிரதானியின் பட்டுத் தலைப்பாகைதான்.

எல்லாரும் போனபிறகு ராஜா உத்தண்டியை அருகில் உட்காரவைத்தான். "உனக்கு என்ன வேண்டும்? கேள், உடனே தருகிறேன். சீக்கிரம் சொல்!"

அதற்குள் சமையற்காரன் ஆவி பறக்கப் பாயசம் கொண்டுவந்து வைத்தான். ராஜாவின் கை வழக்கம்போல அதற்குப் போனது. உத்தண்டி ராஜாவையும் பார்த்தான், கிண்ணத்தையும் பார்த்தான்.

"பாயசம் ஆறட்டும் மகாராஜா, சொல்கிறேன்" என்றான்.

ராஜா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உத்தண்டிக்குப் போட்டுவிட்டு, உர்ரென்று உட்கார்ந்து கிண்ணத்தை ஊதிக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து ஒரு வாய் குடித்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"அடே உத்தண்டி! இதில் ஏலக்காய் போடுவார்களா?"